பெரிய நாய்க்கு ஏன் சின்ன ஆயுசு?

நெல் முற்றும் பருவத்தில் அம்பாறைக் கரையோரத்து வட்டைகளுக்கு அழையாமல் வரும் பிராணிகள் இரண்டு: எலி, யானை. வாடியில் காவல் கிடப்பவர்களுக்கு இரண்டையும் நன்றாகத் தெரியும். வயல் எலி ஒரு வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம். யானையோ அறுபது வயதையும் தொடும். இடையில் முயல், ஆடு, மாடு என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் உருவம் பெருக்கப் பெருக்க ஆயுளும் நீள்வது தெரியும். மனிதன், வௌவால் என்று சில விலக்குகள் இருந்தாலும், பாலூட்டிகளுக்கு இது பொது விதி.

நாய்களுக்குள் வந்தால் இந்த விதி தலைகீழாகிவிடுகிறது. மூன்று கிலோகூட நிறையாத சிவாவா நாய் 14, 15 வருடம் வரை வாழக்கூடும். அறுபது, எழுபது கிலோ நிறையுள்ள கிரேட் டேன் நாய்க்குப் பெரும்பாலும் 7 முதல் 10 வருடமே ஆயுள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த ஸூஸ் என்ற கிரேட் டேன், தரையிலிருந்து தோள் வரை 111.8 சென்டிமீற்றர் உயரம் இருந்தது. உலகின் மிக உயரமான நாய் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த அந்த நாய், 2014 செப்டெம்பரில் ஆறு வயது நிறையும் முன்பே இறந்துபோனது. பின்னர் அதே பட்டத்தைப் பெற்ற டெக்சாஸ் மாநிலத்துக் கிரேட் டேனுக்கும் பெயர் ஸூஸ்தான். அதன் முன்காலில் எலும்புப் புற்றுநோய் வந்தது. காலை அகற்றியும் பிழைக்கவில்லை. 2023 செப்டெம்பரில் அது இறந்தபோது வயது மூன்று.

யானைக்கு நீண்ட ஆயுளோடு வந்த பெரிய உடல், நாய்க்கு மட்டும் ஏன் ஆயுளைக் குறைக்கிறது?

கணக்கு எப்படி வந்தது?

இரண்டு நாய்களின் கதையை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான நாய்களின் பிறப்பு, இறப்புக் குறிப்புகள் வேண்டும். வட அமெரிக்காவின் மிருக வைத்தியப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் தங்களிடம் வந்த பிராணிகளின் விவரங்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஜேர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொர்னேலியா கிராவுஸும் அவருடைய சகாக்களும் அந்தப் பதிவுகளிலிருந்து 74 இனங்களைச் சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட நாய்களின் விவரத்தை எடுத்து ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். இனத்தின் சராசரி நிறை ஏறத்தாழ இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. பத்துக் கிலோ நாயையும் எழுபது கிலோ நாயையும் ஒப்பிட்டால் இரண்டரை வருட வித்தியாசம் வரும்.

அவர்கள் அதோடு நிற்காமல் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். பெரிய நாய் சீக்கிரம் சாவதற்கு மூன்று வழிகள் இருக்கலாம். குட்டிப் பருவம் தொடக்கம் எல்லா வயதிலும் அதற்குச் சாவு அபாயம் கூடுதலாக இருக்கலாம். அல்லது முதுமை அதற்கு முந்தித் தொடங்கலாம். அல்லது முதுமை தொடங்கிய பிறகு மிக வேகமாக முன்னேறலாம். வயதுக்கு வயது எத்தனை நாய்கள் இறக்கின்றன என்று கோடு வரைந்து பார்த்தால், மூன்றும் மூன்று விதமான கோடுகளைத் தரும். முதலாவதில் கோடு முழுவதும் மேலே தூக்கி நிற்கும். இரண்டாவதில் ஏற்றம் முன்னதாகவே தொடங்கும். மூன்றாவதில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். பதிவுகள் மூன்றாவதையே அழுத்தமாகக் காட்டின. பெரிய நாய் வேகமாக மூப்படைகிறது.

உருவம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரித்தானியாவில் சுமார் 5 இலட்சத்து 84 ஆயிரம் நாய்களின் பதிவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வில், எல்லா நாய்களுக்குமான நடு ஆயுள் 12.5 வருடம் என்று வந்தது. சிறிய உடலும் நீண்ட மூக்கும் உள்ள இனங்கள் முன்னுக்கு நின்றன. ஆனால் உருவத்தில் சிறியதான பிரெஞ்சு புல்டோக் 9.8 வருடத்திலேயே நின்றுவிட்டது. அதன் நசுங்கிய முகமும் மூச்சுத் திணறலும் உருவத்தால் கிடைத்த நன்மையைத் தின்றுவிடுகின்றன.

ஒரு பரம்பரை அலகின் கைவரிசை

சிவாவாவும் கிரேட் டேனும் ஒரே உயிரினம், ஓநாயின் வழிவந்தவை. அப்படியிருக்க, ஒன்று மற்றதன் இருபது மடங்கு நிறையோடு நிற்பது எதனால்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சிவாவாவையும் கிரேட் டேனையும் ஒப்பிட்டால் உயரம் மட்டும் வேறுபடாது. நிறம், முடி, முகம், குணம் எல்லாமே வேறுபடும். எந்தப் பரம்பரை அலகு எதற்குக் காரணம் என்று பிரித்தறிய முடியாது. மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்து, உருவத்தில் மட்டும் சிறிதும் பெரிதுமாக உள்ள ஓர் இனம் தேவைப்பட்டது. போர்த்துக்கலில் மீனவர்கள் வளர்த்த வோட்டர் டோக் என்ற இனம் அதற்குப் பொருந்தியது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நாய்களை வளர்ப்பவர்களிடமிருந்து எக்ஸ்ரே படங்களையும் இரத்த மாதிரிகளையும் வாங்கிச் சேர்த்தார்கள்.

2007இல் விடை வெளியானது. சிறிய நாய்களையும் பெரிய நாய்களையும் பிரித்துக்காட்டிய இடம் 15ஆம் நிறமூர்த்தத்தில் இருந்தது. அங்கே உள்ள பரம்பரை அலகுதான் இன்சுலின் சாயல் வளர்ச்சிக் காரணி-1 என்ற புரதத்தைத் தயாரிக்கும் கட்டளையை வைத்திருக்கிறது. சுருக்கமாக வளர்ச்சிக் காரணி என்போம். மூளையின் அடியிலிருந்து வரும் வளர்ச்சி ஓமோன் சொன்னபடி ஈரல் இதைச் சுரக்கும். இது இரத்தத்தோடு போய், எலும்பிலும் தசையிலும் உள்ள கலங்களைப் ‘பிரிந்து பெருகு’ என்று தூண்டும். பின்னர் 143 இனங்களைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்ட நாய்களில் இதே இடத்தைச் சோதித்தபோது, மிகச் சிறிய இனங்கள் அநேகமாக எல்லாமே இந்த அலகின் ஒரே வடிவத்தை வைத்திருந்தன. பெரிய இனங்களில் அந்த வடிவம் அரிது.

சிறு உருவம் தரும் அந்த வடிவம் மனிதன் நாய் வளர்க்கத் தொடங்கிய பிறகு வந்தது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2022இல் அந்த எண்ணம் மாறியது. சைபீரியாவின் உறைபனிக்குள் கிடந்த 54,000 ஆண்டுப் பழைய ஓநாயின் எச்சத்திலேயே அது காணப்பட்டது. நாய் என்று ஒன்று தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, ஓநாய்களுக்குள் சிறுத்தலுக்கும் பெருத்தலுக்கும் வேண்டிய இரு வடிவங்களும் இருந்திருக்கின்றன. மனிதன் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இருந்ததைப் பிரித்தெடுத்து ஒரு பக்கமாகத் திரட்டினான். இந்த ஒரு அலகு மட்டும் நாய்களின் உருவ வேறுபாட்டில் சுமார் 15 சதவீதத்தை விளக்குகிறது. மீதிக்கு வேறு பல அலகுகள் பொறுப்பு.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஒரு வருடத்தில் ஐம்பது, அறுபது கிலோவை எட்டிவிடும். அதாவது நூறு மடங்கு. மனிதக் குழந்தை முதல் வருடத்தில் மூன்று மடங்குதான் வளர்கிறது. வட்டையில் யூரியா கூடிப்போன பயிரை நம் விவசாயிகள் கண்டிருப்பார்கள். கரும்பச்சையாக மளமளவென்று எழும்பும்; பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தண்டு இளசாக நின்றுவிடும். கதிர் கனத்ததும் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். நோயும் அதைத்தான் முதலில் பிடிக்கும். பெரிய இன நாய்க்குட்டியின் உடலில் நடப்பதும் அதுவே. நிறை ஏறும் வேகத்துக்கு எலும்பின் உறுதி ஈடுகொடுப்பதில்லை.

எலும்பின் கணக்கை 1638இலேயே கலிலியோ எழுதிவிட்டார். ஒரு விலங்கின் உயரம், நீளம், அகலம் எல்லாம் இரட்டித்தால் அதன் நிறை எட்டு மடங்காகும். ஆனால் கால் எலும்பின் குறுக்குவெட்டு நான்கு மடங்குதான் ஆகும். சுமை எட்டு, தாங்கும் பலம் நான்கு. பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு விலகுவதும், முழங்கை மூட்டு தேய்வதும், நடக்கமுடியாமல் படுத்துவிடுவதும் இந்தக் கணக்கின் விளைவுகளே.

அடுத்தது புற்றுநோய். கலங்கள் எத்தனை தடவை பிரிகின்றனவோ, அத்தனை தடவை பிழை நேர வாய்ப்புண்டு. பெரிய உடலில் கலங்களும் அதிகம். பிரியும் வேகமும் அதிகம். பெரிய இன நாய்களின் எலும்புப் புற்றுநோய், வேகமாக நீண்ட கால் எலும்புகளின் நுனிப் பகுதியில்தான் அதிகம் தோன்றுகிறது. வளர்ச்சி ஓமோன் சுரக்காத குள்ள எலிகள் மற்ற எலிகளைவிட வெகு நாள் வாழ்வதை ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். வளர்ச்சியைத் தூண்டும் அதே கட்டளை முதுமையையும் விரட்டிக் கொண்டுவருகிறது என்ற சந்தேகத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. வளர்ச்சிக் காரணியின் சுரப்பைக் குறைத்துப் பெரிய நாய்களின் ஆயுளைக் கூட்டும் மருந்தொன்றை அமெரிக்க நிறுவனம் ஒன்று தயாரித்து வருகிறது. அது பலன் தருமென எதிர்பார்க்க நியாயம் உண்டு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது.

அப்படியானால் யானை எப்படித் தப்புகிறது? அதற்குக் கால அவகாசம் கிடைத்தது. யானை 22 மாதம் வயிற்றில் கிடந்து, பத்து வருடங்களுக்கு மேல் எடுத்து ஆறுதலாகப் பருவமடைகிறது. கலத்தில் பிழை நேர்ந்தால் அந்தக் கலத்தையே அழித்துவிடும் டீ.பி.53 என்ற காவல் அலகு மனிதனுக்கு ஒரு சோடிதான். யானைக்கு 20 சோடி இருப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். உடல் பெருக்கப் பெருக்கக் காவலும் பெருக, இயற்கைத் தேர்வு இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. நாயின் உடலை மனிதன் சில தலைமுறைகளில் பெருக்கினான். காவல் மட்டும் ஓநாயின் அளவிலேயே நின்றுவிட்டது. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் 164 இனங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வும் இந்த விளக்கத்தின் பக்கமே நிற்கிறது.

பெரிய நாயை யார் கேட்டது?

பெரிய நாய் மேல் மனிதனுக்குள்ள ஆசை புதிதல்ல. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ், பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநர் இந்திய நாய்களைக் கூட்டங்கூட்டமாக வளர்த்ததை எழுதியிருக்கிறார். அவற்றின் தீனிச் செலவுக்காகவே நான்கு கிராமங்களை ஒதுக்கி, மற்ற வரிகளிலிருந்து அந்தக் கிராமங்களுக்கு விலக்கும் அளித்திருந்தார்களாம். அயர்லாந்தின் ஓநாய் வேட்டை நாய்களுக்கு வெளிநாடுகளில் இருந்த கிராக்கியைக் கண்டு, உள்ளூரில் ஓநாய்க்கு நாய் இல்லாமல் போகுமென்று 1652இல் அவற்றின் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். ஓநாய்கள் ஒழிந்ததும் நாய்களும் அருகின. 1860களில் கப்டன் ஜோர்ஜ் கிரஹாம் எஞ்சிய சிலவற்றோடு கிரேட் டேன் முதலிய வேறு இனங்களையும் கலந்து அந்த இனத்தை மீட்டெடுத்தார். கிரேட் டேன், பெயரில் டென்மார்க் இருந்தாலும், ஜேர்மன் பிரபுக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். 1888இல் அதற்கென ஜேர்மனியில் ஒரு சங்கம் உருவானது. வேட்டை நின்றுபோய் நாய்க் கண்காட்சிகள் வந்த பிறகு, ஓடும் திறமையைவிட நிற்கும் உயரத்துக்கு மதிப்புக் கூடியது.

தமிழர் நிலத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம் இராஜபாளையம் நாய். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனத்தைப் பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருந்தார்கள். நெடிய கால், ஒடுங்கிய வயிறு, 65 முதல் 75 சென்டிமீற்றர் உயரம். 2005இல் இந்தியத் தபால் துறை உள்நாட்டு நாய் இனங்களுக்கு வெளியிட்ட முத்திரைகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது. சென்னை சைதாப்பேட்டையில் தமிழ்நாடு அரசு நடத்திய நாய் இனவிருத்திப் பிரிவிலும் இது இடம்பெற்றது. கிரேட் டேனைப்போல் இதன் உடலை யாரும் ஊதிப் பெருக்கவில்லை. ஆனால் இங்கே ஆசை நிறத்தின் மேல் விழுந்தது. இளஞ்சிவப்பு மூக்கும் தூய வெள்ளை உடலும் உள்ள குட்டிக்கே விலை.

அந்த வெள்ளைக்கும் ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் நிறக்கலங்கள் உட்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் உயிரோடிருக்க வேண்டிய உப்புச் சமநிலையை அவைதான் காக்கின்றன. உடல் முழுதும் வெள்ளையாகும்படி நிறக்கலங்களைக் குறைத்துக்கொண்டு போனால், சில குட்டிகளுக்கு உட்காதிலும் அவை போய்ச் சேர்வதில்லை. பிறந்து சில வாரங்களில் நுண்மயிர்க் கலங்கள் அழிந்து குட்டி செவிடாகிவிடும். இராஜபாளையம், டல்மேஷன் போன்ற இனங்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது இதனால்தான். கிரேட் டேனிலும் சாம்பல் புள்ளி நிறத்து நாய்கள் இரண்டைச் சேர்த்தால், வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் செவிடாகவோ குருடாகவோ போவதுண்டு. உயரமோ நிறமோ, ஒன்றை மட்டும் தனியே தேர்ந்தெடுக்க உடல் விடுவதில்லை. அதோடு ஒட்டியதையும் சேர்த்தே கொடுக்கும்.

வளர்ப்பவர் கையில் இருப்பது

பரம்பரையை மாற்ற முடியாது. வேகத்தைக் குறைக்க முடியும். அமெரிக்காவில் 48 லெப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைவாகச் சாப்பாடு கொடுத்து வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, நிறையச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் 11.2 வருடம், குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13 வருடம். மூட்டு வாதமும் பிந்தியே வந்தது. குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் நல்லது என்ற நம் எண்ணத்துக்கு இது நேர் எதிர். பெரிய இனக் குட்டியின் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

எலும்பு உறுதிக்கென்று கல்சியம் மாத்திரையும் பாலும் கூடுதலாகக் கொடுப்பது இன்னொரு தவறு. 1980களில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகையான கல்சியம் கொடுத்துப் பார்த்தபோது, எலும்பு கோணிப்போனது. இளம் குட்டியின் குடலுக்கு, வந்த கல்சியத்தில் மிஞ்சியதை மறுக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டே இருக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று அளவு பார்த்துத் தயாரித்த உணவைக் கொடுத்தால் போதும். வேறு சத்து மருந்து வேண்டாம்.

கிரேட் டேன் வளர்ப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஆபத்து வயிற்றுத் திருகல். ஆழமான நெஞ்சுக்கூட்டுக்குள் இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணித்தியாலங்களில் உயிர் போகும். நாய் ஓங்காளிக்கும், ஒன்றும் வெளிவராது, வயிறு விம்மி நிற்கும், ஓரிடத்தில் இராது. காலையில் பார்ப்போம் என்று விட்டால் காலையில் நாய் இராது. சத்திரசிகிச்சை ஒன்றே வழி. ஒரே வேளையில் சட்டி நிறையப் போடாமல் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது அபாயத்தைக் குறைக்கும். தட்டை உயரத்தில் வைத்தால் நல்லது என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக ஆய்வு, உயர்த்தி வைத்த தட்டில் சாப்பிட்ட நாய்களுக்கே திருகல் கூடுதலாக வந்ததைக் காட்டியது.

கடைசியாக, நம் ஊர் வெக்கை. நாய் மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடல் சூட்டைப் போக்குகிறது. கடற்காற்றில் ஈரம் கூடினால் ஆவியாவது குறையும். உடல் பெருத்தால், ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் தோல் பரப்பும் குறையும். தகரக் கொட்டிலில் சங்கிலியில் கட்டிய எழுபது கிலோ நாய்க்குப் பங்குனி, சித்திரை மத்தியானம் உயிராபத்து. சீமெந்துத் தரையில் படுத்தே கிடந்தால் முழங்கை புண்ணாகும்.

எங்கள் ஊர்களில் நாயை வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் அரிது. காவலுக்கும் பயிருக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க இஸ்லாமிய மார்க்கம் இடம் தருவதால், வட்டை வாடிகளிலும் மாட்டுப்பட்டிகளிலும் அவற்றைக் காண்கிறோம். அந்த வேலைக்கு உயரம் தேவையில்லை. யானை வரப்பேறுவதை முந்தி அறிந்து குரைக்கும் காதும் மூக்கும் போதும். பதினைந்து கிலோ ஊர் நாய்க்கு அவை குறைவின்றி இருக்கின்றன. வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம். தீனிச் செலவும் கொஞ்சம்.

அதையும் மீறிப் பெரிய இனக் குட்டிதான் வேண்டுமென்றால், பணத்தைக் கொடுக்கும் முன் தாயையும் தந்தையையும் கண்ணால் பாருங்கள். அவற்றின் இடுப்பு, இதயம் பற்றியும் முந்திய ஈற்றுக் குட்டிகள் எத்தனை வயது வரை இருந்தன என்றும் கேளுங்கள். குட்டியின் முதுகுப்பக்கம் கைதட்டி, திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இரவிலும் கதவைத் திறக்கும் மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவையுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, பிரதேச சபையில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு அதை ஆறுதலாக வளர விடுங்கள். ஒன்பது வருடம் வாழக்கூடிய பிராணிக்கு நமது பெருமைக்காக ஐந்து வருடத்தை மட்டும் கொடுப்பது நியாயமில்லை.